கி.பி. 642-இல் பிறந்தவர் ஒருவர்

ஆண்டுவாரியாக உலக வரலாற்றைத் தொகுப்போர் ஒவ்வோர் ஆண்டையும் நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். இந்தப் பாகுபாட்டை அறிஞருலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. எனவே இச்சிற்றாராய்ச்சியும் கி.பி. 642-ஆம் ஆண்டை அவ்வழியே அணுக முற்பட்டது. ஆனால் வாசற்படியிலேயே ஓர் இடையூறு: 642-இல் வாழ்ந்தவர்களில் அனேகமாக எவருக்கும் அது 642 என்று தெரியாது.

வாதாபியில் அது சக ஆண்டு 564. சீனத்தில் டாங் பேரரசர் டாய்சொங்கின் செங்குவான் என்ற ஆட்சிக்கால வரிசையில் 16. கொரியாவின் சில்லா நாட்டில் சொந்தோக் அரசியின் 11-ஆம் ஆட்சியாண்டு. மதீனாவில் ஹிஜ்ரி 21. ஹிஜ்ரிக் கணக்கைக் கலீபா உமர் நடைமுறைக்குக் கொண்டுவந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகையால் அது 21 என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்கும். ஈரானில் மூன்றாம் யஸ்தெகெர்தின் 10-ஆம் ஆண்டு, ஜூனுக்குப் பிறகு 11. காஞ்சியில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்கு யாண்டு பன்னிரண்டோ பதின்மூன்றோ. கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணும் முறையை டயோனீசியஸ் என்ற துறவி 525-இலேயே வகுத்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் அவர் வகுத்தது ஈஸ்டர் திருநாள் எந்த ஞாயிற்றுக்கிழமை வரும் என்று பார்ப்பதற்கான அட்டவணை. ஆக, 642 என்று தெரிந்து 642-இல் வாழ்ந்தவர்கள் பண்டிகைத் தேதி பார்க்கும் சில பாதிரிமார் மட்டுமே. மற்றவர்களை ஆராய்ச்சியின் வசதிக்காக நாம்தான் அங்கே குடியேற்ற வேண்டியிருக்கிறது.

பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். வேலை குறைவு. இக்கட்டுரையாளர் துணிந்து சொல்லக்கூடிய பிறப்பு ஒன்றே ஒன்று: மதீனாவில் ஹஸன் அல்-பஸ்ரீ. தந்தை இராக்கின் தென்பகுதியான மைசானில் போரில் சிறைப்பட்டு வந்தவர். தாய் கைரா, நபிகளாரின் மனைவியருள் ஒருவரான உம்மு ஸலமாவின் இல்லத்தில் பணிசெய்தவர். பிள்ளை பின்னாளில் பஸ்ராவில் குடியேறி, துறவுக்கும் அறவுரைக்கும் பேர்போனவராகி, சூஃபிகள் தம் முன்னோர் வரிசையில் வைத்துப் போற்றும் பெரியவராகி, 728-இல் இறந்தார். அதன் பிறகுதான் அவர் எப்போது பிறந்தார் என்ற கேள்வி எழுந்தது. உமரின் ஆட்சி முடிய இரண்டு ஆண்டு இருந்தபோது பிறந்தவர் என்றார்கள். உமர் கொல்லப்பட்டது 644. இரண்டைக் கழித்தால் 642. குழந்தை கிடைத்துவிட்டது.

இதிலிருந்து நம் முதல் விதி பெறப்படுகிறது: இடைக்காலத் தொடக்கத்தில் ஒருவர் பிறப்பது அவர் இறந்த பிறகே நிகழ்கிறது. புகழ் பெறாமல் இறந்தவர்கள் பிறக்கவே இல்லை. 642-இல் கங்கைக் கரையிலும் காவிரிக் கரையிலும் மஞ்சள் ஆற்றங்கரையிலும் மருத்துவச்சிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு ஆவணம் ஏதுமில்லை.

இறப்பில் பஞ்சமில்லை. மார்ச் 21-இல் அலெக்சாந்திரியாவின் தலைமைப் பேராயர் சைரஸ் இறந்தார். நகரத்தை அரபுகளிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையை முந்தைய ஆண்டு முடித்தவர் அவரே. ஒப்படைப்பதைப் பார்க்க இருக்கவில்லை. அக்டோபர் 12-இல் போப்பாண்டவர் நான்காம் யோவான் இறந்தார். அரசர்களில் நார்தம்பிரியாவின் ஆஸ்வால்ட், கொகுரியோவின் யொங்னியு, நம்மவர் கணக்குப்படி சாளுக்கிய இரண்டாம் புலிகேசி. இவர்களில் படுக்கையில் இறந்தவர் எவருமில்லை. படுக்கையில் இறந்த முக்கியமான போர்வீரர் ஒருவர் உண்டு: பைசாந்தியப் படைகளையும் பாரசீகப் படைகளையும் ஓட ஓட விரட்டிய காலித் இப்னு அல்-வலீத். ஹோம்ஸ் நகரில் நோயில் கிடந்து இறந்த அவர், உடம்பில் காயம்படாத இடம் ஒரு சாணும் இல்லை, இருந்தும் இப்படிப் பாயில் கிடந்து சாகிறேனே என்று வருந்தியதாக மரபு. அந்த ஆண்டின் இறப்புகளில், இறந்தவரே குறை சொன்னதாகப் பதிவாகியிருப்பது இது ஒன்றுதான்.

இதை நகராட்சி அலுவலகத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுபோல் வைத்துக் கூட்டிப் பார்த்தால், வரவு ஒன்று, செலவு நூற்றுக்கு மேல். (கொகுரியோ அமைச்சர்களுக்குப் பின்னால் வருவோம்.) இந்த விகிதத்தில் போயிருந்தால் 650-க்குள் உலகில் ஆளே மிஞ்சியிருக்கக் கூடாது. மிஞ்சினார்கள். காரணம் மேலாய்வுக்குரியது.

இனி நிகழ்வுகள். தமிழ் வாசகருக்கு 642 என்றால் வாதாபி: புலிகேசியின் தலைநகரைப் பல்லவ நரசிம்மவர்மன் பிடித்தது. அது அந்த ஆண்டில் நடந்ததா என்று கேட்பது நன்றாயிராது. ஆனால் ஆராய்ச்சி என்று இறங்கியபின் கேட்காமலும் தீராது.

முதல் சாட்சி எதிரி தரப்பிலிருந்து. சக ஆண்டு 556-இல், அதாவது 634-35-இல், ஐகொளேயில் சமண ஆலயச் சுவரில் இரவிகீர்த்தி என்ற புலவர் புலிகேசியின் புகழைப் பாடிப் பொறித்தார். புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னனின் ஒளி மங்கிப்போய் அவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்பது அவர் கூற்று. அதே கல்வெட்டில் தம் கவித்திறம் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரானது என்றும் அவரே சான்றளித்திருப்பதால், புழுதி பற்றிய சாட்சியத்தை எவ்வளவு எடை போடுவது என்று வாசகர் முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாம் சாட்சி நம் தரப்பு: காஞ்சிக்குப் பக்கத்துக் கூரத்தில் கிடைத்த செப்பேடு. நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நடந்த போர்களில் பாட்டனார் புலிகேசியைப் புறங்காட்ட வைத்து, அந்த முதுகில் ‘விஜய’ என்ற மூன்றெழுத்தைப் பட்டயத்தில் எழுதுவதுபோல் எழுதினார் என்கிறது. ஓடும் முதுகில் எழுதத் தோதான எழுத்தாணி எது என்பதைக் கல்வெட்டியலாளர் இன்னும் ஆராயவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே, காஞ்சிக்கு வெகு அருகில் இருக்கிறது. இத்தனை பெரிய வெற்றியைப் பெறுவதற்கு எதிரி ஏன் வீட்டு வாசல்வரை வர வேண்டியிருந்தது என்பதைச் செப்பேடு விளக்கப் புகவில்லை.

மூன்றாம் சாட்சிதான் ஊன்றுகோல். வாதாபியிலேயே, அதாவது இன்றைய பாதாமியில், ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. சிதைந்துபோனது, எழுத்துகள் விட்டு விட்டுத்தான் படிக்கக் கிடைக்கின்றன. அவனது 13-ஆம் ஆட்சியாண்டு என்பது தெரிகிறது. எந்த ஆண்டிலிருந்து பதின்மூன்று? 630-இல் பட்டத்துக்கு வந்தான் என்கின்றன பாடநூல்கள். 630 என்று எப்படித் தெரியும்? அதுவும் பின்னோக்கிப் போட்ட கணக்குதான். அந்தக் கணக்கின் ஒரு கால் புலிகேசியின் முடிவில் ஊன்றி நிற்கிறது. புலிகேசியின் முடிவு எப்போது? வாதாபி விழுந்தபோது. வாதாபி விழுந்தது எப்போது? நரசிம்மவர்மனின் 13-ஆம் ஆண்டில். கணக்கு எல்லாப் பக்கமும் சரியாக வருகிறது.

வாதாபியில் புலிகேசி இறந்தான் என்று நேரடியாகச் சொல்லும் கல்வெட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவன் பேச்சில்லை, ஆகவே இறந்திருக்க வேண்டும் என்பது அனுமானம். ஊர் போனபின் அரசன் மட்டும் இருந்து என்ன செய்வான் என்ற பொது அறிவும் இதற்குத் துணை நிற்கிறது.

சண்டைக்குச் சற்று முன்புதான் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சியையும் பார்த்துவிட்டு மகாராட்டிரத்தையும் பார்த்துவிட்டுப் போனார். காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள், பதினாயிரம் பிக்குகள் என்று எண்ணி எழுதியவர் மன்னன் பெயரைக் குறிக்க மறந்தார். புலிகேசி பெயரைக் குறித்திருக்கிறார். அவன் படைப் பழக்கங்களையும் குறித்திருக்கிறார். போருக்குப் போகும்முன் அங்கே வீரர்கள் குடிப்பார்களாம். நூற்றுக்கணக்கான யானைகளுக்கும் குடிக்கக் கொடுத்து வெறியேற்றுவார்களாம். அந்த யானைகளின் முன் எந்த எதிரியும் நிற்க முடியாதாம். தோற்று வரும் தளபதியைத் தண்டிப்பதில்லை, சேலை கொடுப்பார்கள். அவமானம் தாங்காமல் அவனே உயிரை விடுவான். வாதாபி வாசலில் யானைகளுக்கு ஊற்றிக் கொடுக்க நேரம் இருந்ததா என்பதையும், சேலைகள் கையிருப்பில் போதுமானவையாக இருந்தனவா என்பதையும் யுவான் சுவாங் காத்திருந்து பார்த்திருக்கலாம். அவர் ஹர்ஷரைப் பார்க்கப் போய்விட்டார்.

யானைகள் என்ன ஆயின என்பதற்குச் சேக்கிழார் பொறுப்பேற்கிறார். பல்லவர் சேனாதிபதி பரஞ்சோதியார் வாதாபியை அழித்து மணிகளும் நிதிக்குவைகளும் யானைகளும் குதிரைகளும் கவர்ந்து வந்தார் என்பது பெரியபுராணம். பரஞ்சோதியாரே பிற்பாடு திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்ட நாயனார் ஆனவர். பிள்ளைக்கறி சமைத்த கதை தெரியாத தமிழர் கிடையாது. அந்தக் கதையின் பக்கத்தில் நிற்கையில், ஒரு பேரரசின் தலைநகரைச் சாம்பலாக்கியது அவர் வாழ்க்கைக் குறிப்பில் இரண்டாமிடத்துச் செய்தி. சம்பந்தர் தம் பதிகத்தில் சிறுத்தொண்டரைக் குறிப்பிடுகிறார். எனவே சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. சிறுத்தொண்டர் வாதாபிக்குப் போனவர். எனவே வாதாபியும் ஏழாம் நூற்றாண்டு. இலக்கிய வரலாற்றில் பாதிப் பேர் இப்படி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வரிசையின் முனையில் நிற்பவர் பிடித்திருப்பது பாதாமியின் உடைந்த பாறையை.

சேக்கிழார் சொன்ன கொள்ளைப் பட்டியலில் பிள்ளையார் இல்லை. பிள்ளையார் பிறகு வந்து சேர்ந்தார். திருச்செங்காட்டங்குடியிலும் வாதாபி கணபதி இருக்கிறார், திருவாரூரிலும் இருக்கிறார், தளபதி ஒருவர்தான். முத்துசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனியில் கீர்த்தனை அமைத்தபின் விவகாரம் நீதிமன்ற எல்லையைக் கடந்துவிட்டது. இன்று மார்கழி மாதத்துச் சென்னையில் ஒரு தலைநகரின் அழிவு மாலைதோறும் பல சபாக்களில் ஒரே சமயம் நினைவுகூரப்படுகிறது. ரசிகர்கள் தொடையில் தாளம் போடுகிறார்கள். போருக்கான காரணம் என்ன என்ற கேள்விக்கு, சிவகாமி என்ற ஆடல்மங்கை செய்த சபதமே காரணம் என்று 1944-இல் தொடர்கதை எழுதத் தொடங்கிய கல்கி கண்டறிந்தார். அதற்கு முந்தைய 1,300 ஆண்டுகளில் இது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் விதி இங்கே உருப்பெறுகிறது: ஒரு நிகழ்விலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ, அவ்வளவு தெளிவாக அது தெரியும். சம்பவ இடத்துப் பாறைக்கு ஆண்டு எண்ணுக்கு மேல் அதிகம் நினைவில்லை. பேரனுக்கு முதுகெழுத்து தெரிகிறது. ஐந்நூறு ஆண்டு கழித்து வந்தவருக்குக் குதிரை யானை எல்லாம் தெரிகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்தவருக்குக் காதல் தெரிகிறது. இவ்விதி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதா என்று சோதிக்க, அதே ஆண்டில் வேறு நாடுகளுக்குச் செல்வோம்.

கொரியாவில் அப்போது மூன்று அரசுகள். வடக்கே கொகுரியோவில் யோன் கெசொமுன் என்ற பிரபு அந்த ஆண்டு ஒரு விருந்து வைத்தான். தன் படை அணிவகுப்பைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போகலாம் என்று அமைச்சர்களை அழைத்தான். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். யாரும் வீடு திரும்பவில்லை. அங்கிருந்து நேரே அரண்மனைக்குப் போய் மன்னன் யொங்னியுவைக் கொன்று, துண்டுபோட்டுச் சாக்கடையில் எறிந்தான். மன்னனின் உறவினன் போஜாங் சிம்மாசனத்துக்கு வந்தான். அதிகாரம் யோனிடமே இருந்தது. உடம்பில் ஐந்து வாள் கட்டிக்கொண்டு நடப்பான், குதிரை ஏற வேண்டுமானால் பிரபுக்கள் குப்புறப் படுத்து முதுகைப் படியாகக் கொடுக்க வேண்டும் என்கிறது ‘சம்குக் சாகி’ என்ற வரலாறு. நூல் தொகுக்கப்பட்ட ஆண்டு 1145. ஐந்து வாளும் அதற்குள் எண்ணி முடிக்கப்பட்டிருந்தன.

தெற்கே பெக்சே நாட்டு மன்னன் உய்ஜா அதே ஆண்டு சில்லாவின் கோட்டைகள் நாற்பதைப் பிடித்தான். அடுத்து தேயா என்ற முக்கியக் கோட்டை விழுந்தது. அங்கே கோட்டைத் தலைவனும் அவன் மனைவியும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெண் சில்லா அரச குலத்துப் பிரபு கிம் சுன்-சுவின் மகள். செய்தி கேட்ட தகப்பன் ஒரு தூணில் சாய்ந்து நின்றபடி பொழுது முழுக்கக் கண் இமைக்கவில்லை, எதிரே ஆட்கள் நடந்துபோனதும் தெரியவில்லை என்று அதே நூல் எழுதுகிறது. ஐந்நூற்று மூன்று ஆண்டு இடைவெளியில் ஓர் இமை அசையாததைக் கண்டு சொன்ன வரலாற்றாசிரியர் வேறு எங்கும் உண்டா என்று தெரியவில்லை. நம்புவதற்குத் தயங்கும் இக்கட்டுரையாளர், அந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருப்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழிவாங்கப் படையுதவி கேட்டு கிம் சுன்-சு போனது எங்கே என்றால், ஐந்து வாள் யோன் ஆளும் கொகுரியோவுக்கு. அங்கே பழைய நிலப் பாக்கியைக் கேட்டு அவரைச் சிறையில் போட்டார்கள். சொன் தோ-ஹே என்ற கொகுரியோ அதிகாரிக்கு அவர் முந்நூறு தப்படி நீலத் துணி கையூட்டாகக் கொடுத்தார். அதிகாரி சாப்பாடும் மதுவும் கொண்டுவந்து, சாவகாசமாக உட்கார்ந்து, ஒரு கதை சொன்னார். கடலரசன் மகளுக்கு நோய், முயலின் ஈரல்தான் மருந்து. ஆமை போய் ஆசை காட்டி முயலை முதுகில் ஏற்றிக்கொண்டு வருகிறது. பாதிக் கடலில் உண்மை தெரிந்ததும் முயல், ஐயோ, ஈரலைக் கழுவிப் பாறையில் காயப் போட்டுவிட்டு வந்தேனே, திரும்பிப் போய் எடுத்து வருவோம் என்கிறது.

வாசகர் எழுந்து உட்கார்ந்திருப்பார். ஆம், முதலை முதுகில் ஏறிய குரங்கு, தன் இருதயத்தை மரத்தில் தொங்கவிட்டு வந்ததாகச் சொன்ன அதே கதைதான். ஜாதகத்திலும் பஞ்சதந்திரத்திலும் இருப்பது. பிக்குகளோடு சீனம் போய், கொரியா போய், வழியில் குரங்கு முயலாகி, முதலை ஆமையாகி, இருதயம் ஈரலாகியிருந்தது. கிம் சுன்-சு குறிப்பறிந்தார். கேட்ட நிலத்தை அரசியிடம் சொல்லி வாங்கித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்து வெளியே வந்தார். எல்லையைத் தாண்டியதும், அது என் கையிலா இருக்கிறது என்றார். 642-ஆம் ஆண்டில் இந்தியா கொரியாவுக்குச் செய்த ராணுவ உதவி இது ஒன்றே. முந்நூறு தப்படித் துணியில் பஞ்சதந்திரத்துக்கு உரிமைத்தொகை எதுவும் வரவில்லை.

அங்கிருந்து கடல் தாண்டினால் ஜப்பான். அந்த ஆண்டு கோக்யோகு பேரரசி அரியணை ஏறினார். ஏறிய கையோடு பெரும் வறட்சி. ஊர்ப் பூசாரிகள் மாடு குதிரை பலி கொடுத்துப் பார்த்தார்கள், சந்தையை இடம் மாற்றிப் பார்த்தார்கள், ஆற்றுத் தெய்வத்தை வேண்டிப் பார்த்தார்கள். பயனில்லை. சகலமும் தாமே என்றிருந்த மந்திரி சோகா நோ எமிஷி, அதெல்லாம் வேலைக்காகாது, பௌத்த சூத்திரம் ஓதினால் மழை வரும் என்று பிக்குகளைக் கூட்டினார். தாமே தூபக்கால் ஏந்தி நின்றார். தூறல் விழுந்தது. மறுநாள் அதுவும் நின்றது. பிறகு பேரரசியார் மினாபுச்சி ஆற்றின் தலைப்புக்குப் போய் மண்டியிட்டு நான்கு திசையையும் வணங்கினார். இடி இடித்து ஐந்து நாள் விடாமல் கொட்டியது.

இதை எழுதியது 720-இல் முடிந்த ‘நிஹோன் ஷோகி’. எழுதச் சொன்னது பேரரசர் குடும்பம். சோகா வமிசத்தை 645-இல் வெட்டி வீழ்த்தியவர்களில் முதன்மையானவர் கோக்யோகுவின் மகன். மந்திரிக்கு வெறும் தூறலும் அரசிக்கு ஐந்து நாள் மழையும் கிடைத்ததற்கு வானிலைக் காரணங்களைத் தேட வேண்டிய தேவையில்லை.

மேற்கே திரும்புவோம். செப்டம்பர் 642-இல் பைசாந்தியப் படை உடன்படிக்கைப்படி கப்பலேறிப் போக, அரபுத் தளபதி அம்ர் இப்னு அல்-ஆஸ் அலெக்சாந்திரியாவுக்குள் நுழைந்தார். இது நடந்தது. ஆனால் 642 என்றால் உலகம் நினைப்பது இதையல்ல, நடக்காத ஒன்றை. அங்கிருந்த மாபெரும் நூலகத்தை என்ன செய்வது என்று அம்ர் கேட்டெழுத, குர்ஆனோடு ஒத்துப்போனால் அந்த நூல்கள் தேவையில்லை, ஒத்துப்போகாவிட்டால் கூடவே கூடாது என்று உமர் பதில் எழுத, ஊரிலிருந்த 4,000 வெந்நீர்க் குளியலறைகளுக்கு நூல்கள் விறகாகி ஆறு மாதம் எரிந்தனவாம். 642-ஐ ஒட்டி எழுதிய எவருக்கும் இந்தச் செய்தி எட்டவில்லை. எட்டியது 1200-ஐ ஒட்டி எழுதியவர்களுக்கு. நூல்களைத் தமக்குத் தரும்படி அம்ரிடம் வேண்டியவர் தத்துவ அறிஞர் யோவான் ஃபிலோபோனஸ் என்றும் பெயர் சொல்கிறார்கள். அவர் இறந்து அப்போது எழுபது ஆண்டு ஆகியிருந்தது. நூலகத்தில் நூலைத் திருப்பிக் கேட்டு இவ்வளவு தாமதமாக வந்தவர் வேறொருவர் இல்லை. பழைய நூலகமோ அதற்குப் பல நூற்றாண்டு முன்பே சிறுகச் சிறுக ஒழிந்திருந்தது. இரண்டாம் விதி இங்கே உச்சத்தைத் தொடுகிறது: போதுமான தூரத்தில் நின்றால் நடக்காததும் தெரியும்.

அதே ஆண்டு ஈரானின் மேற்கு மலைப்பகுதியில் நஹாவந்த் போர். ஹிஜ்ரி 19 என்றும் 21 என்றும் அரபு வரலாற்றாசிரியர்களுக்குள் தகராறு. பெரும்பான்மை முடிவு 21. அரபுத் தளபதி நுஃமான் இப்னு முக்ரின் களத்திலேயே விழுந்தார். வெற்றி கைக்கு வரும்வரை அவர் இறந்ததைப் படைக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். வென்றவர்கள் இதற்கு ‘வெற்றிகளின் வெற்றி’ என்று பெயரிட்டார்கள். நானூறு ஆண்டு சாசானியப் பேரரசு உண்மையில் அன்றே முடிந்தது. மன்னர் யஸ்தெகெர்த் ஊர் ஊராக ஓடி, 651-இல் மெர்வ் அருகே ஓர் ஆலைக்காரன் கையில் செத்தார். நாடு, படை, கருவூலம் எல்லாம் போயின. அவர் பட்டமேறிய 632-இலிருந்து எண்ணும் ஆண்டுக்கணக்கு மட்டும் போகவில்லை. அடுத்த மன்னர் வந்து புதுக்கணக்கு தொடங்க, அடுத்த மன்னரே வரவில்லை. மும்பைப் பார்சிகள் இன்றும் சமயக் காரியங்களுக்கு யஸ்தெகெர்தின் ஆட்சியாண்டில்தான் தேதி குறிக்கிறார்கள். 642-இல் வென்ற அரசர்களில் எவருக்கும் இத்தனை நீண்ட ஆட்சி வாய்க்கவில்லை.

இங்கிலாந்துக்கு ஒரு நடை போய்வருவது முறை. 642 என்று எழுதிவைத்த முக்கியமானவர் அங்கேதான் இருந்தார். நார்தம்பிரியாவின் கிறிஸ்தவ அரசர் ஆஸ்வால்ட், மெர்சியாவின் பழைய சமயத்து மன்னர் பெண்டாவோடு மேசர்ஃபீல்டில் மோதி ஆகஸ்ட் 5-இல் மாண்டார்; வயது 38. தலையையும் கைகளையும் வெட்டிக் கழிகளில் மாட்டிவைத்தார்கள். மறு ஆண்டு தம்பி வந்து எடுத்துப் போனார். பீடு என்ற துறவி 731-இல் இதையெல்லாம் எழுதினார். அவர் தந்த தேதியும் 642-ஆ 641-ஆ என்று விவாதம் இருக்கிறது. அவர் ஆண்டை ஜனவரியில் தொடங்கினாரா செப்டம்பரில் தொடங்கினாரா என்பது சிக்கல். தலையின் கணக்கு அதைவிடச் சிக்கல். டர்ஹாமில் ஒன்று இருக்கிறது. லக்சம்பர்கின் எக்டர்நாக்கிலும் ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைமிலும் அதே புனிதரின் தலை என்று போற்றுகிறார்கள். ஆஸ்வால்ட் விழுந்த இடத்து மண்ணுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் இருந்ததாம். அவ்வழியே போன ஒருவரின் குதிரை வலிப்பு வந்து துடித்து, உருண்டு, அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து நின்று புல் மேயத் தொடங்கியது. பிறகு ஊரார் மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க அள்ளி அள்ளி ஆள் உயரத்துக்குக் குழி விழுந்தது என்கிறார் பீடு. 642-இன் நிகழ்வுகளில் குதிரைக்கு நன்மை பயத்தது இது ஒன்று.

இத்தனைக்கும் நடுவில், அன்றைய தேதியை அன்றே எழுதி, கூட்டாமல் குறைக்காமல், நூற்றாண்டு எதுவும் காத்திராமல் ஒருவர் எழுதிய ஆவணம் ஏதாவது உண்டா என்று தேடினால், ஒன்று கிடைக்கிறது. எகிப்தின் இஹ்னாஸில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் சீட்டு. இப்போது வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. மேலே கிரேக்கம், கீழே அரபு. அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் என்ற படைத்தலைவர் தம் வீரர்களுக்காக அவ்வூர் அதிகாரிகளிடம் ஆடுகள் பெற்றுக்கொண்டதற்கு ரசீது. அறுப்பதற்கு 50, வேறு 15, ஆக 65. மாதம், ஆண்டு இரு மொழியிலும் தெளிவாக இருக்கிறது. தேதியிட்ட அரபு பாப்பிரஸ்களில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது இதுவே. தலை வெட்டியது, மழை பெய்தது, இமை அசையாதது எதுவும் இல்லை. 65 ஆடு.

துரதிருஷ்டவசமாக அந்தத் தேதி ஏப்ரல் 25, 643. நம் ஆண்டை நான்கு மாதத்தில் தவறவிட்டது. ஆனால் ரசீதில் எழுதியிருக்கும் ஹிஜ்ரி 22 தொடங்கியது 642 நவம்பர் 30-இல். கிரேக்கப் பகுதியில் கண்ட பைசாந்திய வரியாண்டு தொடங்கியதோ 642 செப்டம்பரில். ஆகவே அந்த ரசீதின் ஆண்டில் ஒரு பகுதி நமக்கும் உரியது. அந்த விகிதத்தில் எத்தனை ஆட்டை 642-இன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பற்றி, 643-ஐ ஆராயும் அறிஞர்களோடு பேச்சுவார்த்தைக்கு இக்கட்டுரையாளர் ஆயத்தமாக இருக்கிறார். அறுப்பதற்கென்று குறித்த ஐம்பதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.